ஐந்து மணி பத்து நிமிடம்

இன்னும் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் என்கிறது முன்னிருக்கையின் முதுகில் பதித்த திரை, நான் கேட்கவில்லை, அதுவாகவே சொல்கிறது, சொல்லிவிட்டு அடுத்த வரியில் மீதி நேரத்தையும் சொல்லப் பார்க்கிறது, அதற்குள் நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். தூரத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. தூரம் இருந்த இடத்தில் இருக்கும், நேரம்தான் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லும். முப்பத்தொரு வருடம் சென்னை சூளைப் பகுதியில் ஓர் அச்சகத்து மாடியில் உட்கார்ந்து ரயில் கால அட்டவணைக்கு மெய்ப்புத் திருத்தியவன், எனக்குத் தெரியாதா. டில்லிக்கு இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம், ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் கொஞ்சம் பகல். சிங்கப்பூருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம், அதுவும் நேர்கோட்டில், நேர்கோடு என்றால் நேர்கோடும் இல்லை, உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்த நூல். மலைப்பாதைகளில் இன்னொரு வேடிக்கை உண்டு, தண்டவாளம் உண்மையில் ஓடும் தூரம் ஒன்று, டிக்கெட் போடுவதற்கென்று நீட்டி வைத்த தூரம் இன்னொன்று, ஏறுவது கடினம் என்பதால் தூரத்தையே அதிகமாக்கிவிடுவார்கள், அதைப் படித்த அன்று ரயில்வேயில் யாரோ மனிதர் இருக்கிறார் என்று நினைத்தேன். பெரம்பூரிலிருந்து என் மகள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு தூரம் போட வேண்டும். ஏழு ஐம்பதுக்கு விமானம், திங்கட்கிழமை, ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம். எனக்கு நம்பிக்கை இல்லை. வடிவுக்கு உண்டு. என் மனைவி சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு பெரம்பூர்ப் பஞ்சாங்கம் பார்க்கிறாள், போனில் சொன்னாள், "ஞாயித்துக்கிழமையே பரஸ்தானம் வச்சிடுங்க, மறக்காதீங்க." நல்ல நேரத்தில் ஒரு பையை வெளியே கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு, ராகு ஏமாந்துபோவார். சரி என்று பட்டு வேட்டியை மடித்துப் பையில் வைத்து, மஞ்சள் துணியில் ஒரு பிடி அரிசியும் மஞ்சள் கிழங்கும் முடிந்து போட்டு, ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தோணியம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. "என்னா சார், பொட்டி கட்டிக்கினு எங்க வூட்டுக்கா வர்றீங்க?" என்றாள். விளக்கினேன். "நாங்க சர்ச்சு ஆளுங்களாச்சே, எங்க வூட்ல வச்சா ராகு ஒத்துக்குவாரா?" என்றாள். வடக்குத் தெற்கு பார்க்கச் சொல்லியிருக்கிறார்களே தவிர மதம் பார்க்கச் சொல்லவில்லை என்றேன். சிரித்தபடி மாதா படத்துக்குக் கீழே பையை வைத்தாள். "அந்த அரிசிய அங்க போயி என்னா பண்ணுவீங்க?" ஒன்றும் செய்வதில்லை என்றேன். ஆக என் பயணம் நேற்றுப் பத்தே முக்காலுக்குத் தொடங்கிவிட்டது, முதல் பதினெட்டு மணி நேரத்தில் நான் கடந்த தூரம் நாலரை அடி, ஒரு நடைபாதையின் அகலம், உலகத்தில் இதைவிட மெதுவான வண்டி எந்த அட்டவணையிலும் இல்லை.

நாலரை அடி. வடிவு போன மாதம் மகளிடம் போனபோது அந்த நாலரை அடியைக்கூட நான் தாண்டவில்லை. கீழே டாக்ஸி நின்றது, ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிப்போனார், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பார்த்து, என்னைப் பார்த்து இல்லை, கதவைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்றாள், நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு ஐம்பத்திரண்டு. ஒருவர் புறப்படும்போது நேரம் குறித்துக்கொள்ளும் பழக்கம் தொழிலால் வந்தது, வேறு எதையாவது குறித்துக்கொள்ளும் பழக்கம் வராமல் போனதற்குத் தொழிலைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து முப்பத்திரண்டு நாள் ஓர் ஆழாக்கு அரிசி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். குக்கர் விசில் அடிக்கும்போது அவள் சமையலறையிலிருந்து "எத்தன?" என்று கத்துவாள், விசிலை எண்ணுவது என் வேலை, இப்போதும் எண்ணுகிறேன், மூன்று என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நானே போய் அடுப்பை அணைக்கிறேன். எல்லாம் அந்தக் கடிதத்தால், இல்லை, கடிதம் என்ன செய்யும், நான் செய்ததால். நிறைமதி கையால் எழுதிய நான்கு பக்கம், பதினோரு மாதத்துக்கு முன்பு, கைப்பேசியில் வரும் செய்தியை அப்பா மதிக்க மாட்டார் என்று தாள் வாங்கி, தபால்தலை ஒட்டி. பன்னிரண்டு வருடமாக அந்த ஊரில் தமிழ் எழுத வேலையில்லாத பெண். அப்பா, நான் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன், பெயர் வெய் லியாங், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர், நாற்பத்தாறு வயது, ஏற்கெனவே ஒருமுறை மணமாகி விலகியவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். என்ன நினைத்தேன். முப்பத்தாறு வயதுப் பெண் என்ன செய்தாலும் சரி என்று நினைத்தேனா, சீனனா என்று நினைத்தேனா, அவர் பழுதுபார்க்கும் லிஃப்டு எதிலாவது என் பெண் மாட்டிக்கொண்டு அப்படித்தான் அறிமுகமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. எனக்குப் படிப்பது என்றால் பேனாவோடு படிப்பதுதான். இரண்டாம் பக்கத்தில் நெஞ்சில் ஏதோ சிக்கியது, நெஞ்சில் சிக்கினால் கை தனக்குத் தெரிந்ததைச் செய்யும், ஒற்று போட்டது, ஒரு சொல்லைச் சுழித்தது, ஓரத்தில் குறி இட்டது, நான்காம் பக்கம் முடியும்போது பதினேழு திருத்தங்கள். பதிலைக் கீழே எழுதுவதாகத்தான் இருந்தேன். கீழே இடம் இல்லை. அப்படியே மடித்து உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். அவள் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்திருப்பாள், இன்னொரு தாள் இருக்கும் என்று. இந்தக் காட்சி எனக்கு அடிக்கடி வருகிறது, இப்போதும் வருகிறது, உறை, ஒரு கை, உதறல், ஒன்றும் விழவில்லை. விஷயம் தெரிந்த அன்று வடிவு கத்தவில்லை, கத்தியிருந்தால் பரவாயில்லை. "புள்ள கல்யாணம்னு எழுதியிருக்கா, நீங்க மார்க் போட்டு அனுப்பியிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். மார்க் போடவில்லை, திருத்தத்தான் செய்தேன் என்று நான் பதில் சொன்னதாக ஞாபகம். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. பணிப்பெண் கொண்டுவந்த உப்புமாவில் உப்பு இருந்தது, மா இருந்ததா தெரியவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் தன் உப்புமாவைத் தொடாமல் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரிக்கிறார். சபூரா பீவி, நாகூர், மகளுக்கு மூன்றாவது பிரசவம், இதெல்லாம் விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார். "ஒரு வாய் எடுத்துக்கங்கண்ணே, இடியாப்பம், தேங்கா சீனி வச்சது." வேண்டாம் என்கிறேன், வாங்கிக்கொள்கிறேன். யாரோ ஒருவர் கையால் இலையில் வைத்துத் தந்த உணவைத் தின்று முப்பத்திரண்டு நாள் ஆகிறது என்பது வாயில் போட்ட பிறகுதான் தெரிகிறது. "அங்க யாரு இருக்கா?" மகள் என்கிறேன். "விசேஷமா?" கல்யாணம் என்கிறேன், இன்றைக்கு, பதிவுத் திருமணம், நாலு மணிக்கு. "அட, கடசி நிமிசத்துல போறீங்களே! மாப்ள யாரு?" லிஃப்ட் வேலை என்கிறேன், அது மட்டும்தான் வாயில் வருகிறது. "நல்லது, ஏத்தி எறக்கி வப்பாரு" என்கிறார் அவர், சிரிக்கிறார், நானும் சிரித்துவிடுகிறேன். ஆனால் என்னால் கல்யாணத்துக்குப் போக முடியாது, நான் போய்ச் சேர ஐந்து பத்து ஆகிவிடும், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் போகிறேன் என்று விளக்குகிறேன். இதைப் போனில் வடிவிடம் விளக்கியதுபோலவே நிதானமாக விளக்குகிறேன். அன்று விமான எண்ணை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டாள், ஐந்து மணி பத்து நிமிடம் என்றேன். ஐந்து பத்து என்று அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு, "கல்யாணம் நாலு மணிக்கு." தெரியும், எனக்காக நேரத்தை மாற்ற வேண்டாம் என்றேன். "யாரு மாத்தப்போறா?" என்றாள். அப்போது பின்னால் எங்கோ தூரத்திலிருந்து மதியின் குரல், பதினோரு மாதத்தில் முதல் முறையாக நான் கேட்ட அவள் குரல், "விடும்மா, அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அதில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று ஒன்பது நாளாகக் காதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். சபூரா பீவி விரலைச் சூப்பிவிட்டுத் திரும்புகிறார். "அஞ்சு பத்தா? யாரு சொன்னா? ரெண்டு நாப்பதுக்கு எறக்கிருவான்ணே." டிக்கெட்டில் இரண்டு நாற்பது என்றுதான் இருக்கிறது, அதோடு அந்த ஊர் இரண்டரை மணி நேரம் முன்னால் போவதைக் கூட்ட வேண்டும், கூட்டினால் ஐந்து பத்து என்கிறேன், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்க்கிறார். "அத அவனே கூட்டித்தான் போட்ருப்பான். எறங்குற ஊரு மணியத்தான் எழுதுவான். நான் ஏழாவது வாட்டி போறேன், அஞ்சு பத்துக்கு எம் மவ ஊட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டு இருப்பேன்." தன் கண்டுபிடிப்பில் அவருக்கே மகிழ்ச்சி. "பாத்தீங்களா, அல்லா ஒங்களுக்கு ரெண்டரை மணி நேரம் சும்மா குடுத்துட்டான்! தாராளமா கல்யாணத்துக்குப் போவலாம்."

தாராளமாக. ஆயிரத்து நானூற்று முப்பது. கீழே மேகம், மேகத்துக்குக் கீழே கடல் இருக்கும். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தை ஆறு மணி ஐம்பது நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு நானூற்று இருபது சொச்சம், விமானம் என்ன பாசஞ்சர் வண்டியா, ஒவ்வொரு குடிசைக்கும் நின்று போக. இந்த வகுத்தலை நான் செய்யவே இல்லை. எந்த வண்டிக்கும் செய்வேன், பழக்கம், தூரத்தை எடு, நேரத்தால் வகு, வேகம் உதைத்தால் அச்சில் பிழை, இப்படித்தான் பேய் வண்டிகளைப் பிடிப்போம், ஒரு முறை காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் ஓடிய சரக்கு கலந்த வண்டியை நான்தான் பிடித்தேன், அச்சகமே சிரித்தது. என் வண்டிக்கு மட்டும் வகுக்கவில்லை. டிக்கெட்டை மேசையில் வைத்தேன், மூக்குக் கண்ணாடி போட்டேன், ஏழு ஐம்பது, இரண்டு நாற்பது, கூட்டு இரண்டரை, ஐந்து பத்து, எழுதினேன், அடிக்கோடு இட்டேன், போனை எடுத்தேன். கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா. சூரியனைக் கேட்டால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஒன்றரை மணிக்குச் சற்று மேலேதான் வித்தியாசம், அரசாங்கத்தைக் கேட்டால் இரண்டரை, இவ்வளவு தெரிந்த எனக்கு, வந்து சேரும் நேரத்தை வந்து சேரும் ஊரின் கடிகாரத்தில்தான் போடுவார்கள் என்பது தெரியாதா. தெரியும், எங்கேயோ தெரியும், அதனால்தான் காலையிலிருந்து இந்தத் திரையின் இரண்டாவது வரியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு வருகிறேன். ஐந்து பத்து எவ்வளவு சௌகரியமான நேரம். எல்லாம் முடிந்திருக்கும். கையெழுத்துப் போட்டாகியிருக்கும், படம் எடுத்தாகியிருக்கும், யாரும் என்னைப் பார்த்து, வாங்க, முன்னால வந்து நில்லுங்க என்று சொல்ல மாட்டார்கள், வெய் லியாங் என்னும் மனிதர் கையை நீட்டும்போது அது நடந்து முடிந்த விஷயமாக இருக்கும், நடந்து முடிந்ததை யார் திருத்த முடியும். வரவில்லை என்றும் ஆகாது, வந்தேன் என்றும் ஆகாது. விமான நேரம் அப்படி, நான் என்ன செய்ய. பதினெட்டாவது பிழை, நானே செய்தது. ஒரு பழைய அஞ்சலட்டை ஞாபகம் வருகிறது, தொண்ணூற்று நாலோ ஐந்தோ, வாஞ்சி மணியாச்சியிலிருந்து, மாசிலாமணி அவர்களுக்கு என்று என் பேர் போட்டே வந்தது. நாங்கள் ஒரு வண்டியின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாக அச்சிட்டுவிட்டோம், என் கண்ணில் தப்பிய ஒரே எண், திட்டித்தான் எழுதியிருப்பார் என்று நடுங்கிக்கொண்டே படித்தேன். ஐயா, தங்கள் புத்தகத்தை நம்பி ஒரு மணி நேரம் முன்னால் வந்து நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் நான் வண்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், போகிற ஊரில் இன்னும் எதிர்பார்க்கவில்லை, என்னை யாரும் தேடாத ஒரு மணி நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான், நன்றி, இனித் திருத்திவிடவும். அந்த அட்டையை வெகுநாள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். கொடுத்துவைத்த மனிதர் என்று அப்போது நினைத்தேன். தேட ஆள் இருக்கிறவனுக்குத்தான் தேடாத ஒரு மணி நேரம் இனிக்கும் என்று இப்போது, இந்த முப்பத்திரண்டு நாளுக்குப் பிறகு, மேகத்துக்கு மேலே, இடியாப்பம் மெல்லும்போது புரிகிறது.

எண்ணூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்று நாற்பது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது, யாராவது நிறுத்தலாம். என்ன செய்வேன். ஐந்து பத்து வரை விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், பெரிய இடம், நாற்காலிகள் இருக்கும், ஐந்து பத்துக்கு எழுந்து முகம் கழுவி அப்போதுதான் வந்தவன்போல வெளியே வரலாம், யாருக்கும் தெரியாது, இந்த நாகூர் அம்மாளைத் தவிர. இல்லாவிட்டால் போகலாம், போனால் என்ன சொல்வது, என் கணக்கு தப்பு என்று சொல்ல வேண்டும், வடிவு முன்னால், மதி முன்னால், அந்த மனிதர் முன்னால். மதிக்கு ஆறு வயதில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பதிமூன்றேழு எவ்வளவு என்று அவள் கேட்டு நான் அவசரத்தில் எண்பத்தொன்று என்று சொல்லிவிட்டேன், அவள் தொண்ணூற்றொன்று இல்லையாப்பா என்றாள், உன்னைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன். நம்பினாளா. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வையைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன், முப்பது வருடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காது அடைக்கிறது. இருக்கையை நிமிர்த்தச் சொல்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கடலில் கப்பல்கள், நூறு இருக்கும், எல்லாம் நின்றுகொண்டு முறைக்குக் காத்திருக்கின்றன. "பயமா இருக்காண்ணே?" என்கிறார் சபூரா பீவி, என் கை இருக்கைப் பிடியை இறுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "எறங்கறப்ப எனக்கும் அப்படித்தான், கண்ண மூடிக்கிட்டு ஓதிருவேன்." எனக்கு இறங்குவதில் பயமில்லை, இறங்கின பிறகுதான் என்று சொல்ல வாயெடுத்து, ஆமாம் என்று மட்டும் சொல்கிறேன். சக்கரம் தரையைத் தொடுகிறது. தூரம் பூஜ்யம் என்று திரை சொல்லவில்லை, அதற்குள் அணைந்துவிட்டது.

வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி, கைநாட்டு வைப்பதுபோல விரலை அழுத்தி, இந்தப் பக்கம் வந்து ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியை உயிர்ப்பிக்கிறேன். காலையில் விமானம் ஏறும் வாயிலருகே உட்கார்ந்த உடனே அணைத்துவிட்டேன், விமானத்துக்குள் ஏறிய பிறகு அணைத்தால் போதுமாம், விதி என்றால் எனக்கு முன்கூட்டியே கடைப்பிடிக்க வேண்டும். உள்ளே ஒரு செய்தி வந்து காத்திருந்தது, நான் அணைத்து ஆறு நிமிடம் கழித்து வந்தது. நிறைமதி. அப்பா உங்க விமானம் 2.40க்கு எறங்கும், 5.10 இல்ல. நீங்க நம்பர் சொன்ன அன்னிக்கே பாத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லல. உங்ககிட்டயும் திருத்தல. ஒருவேளை உங்களுக்கு 5.10தான் வேணுமோன்னு நெனச்சேன். நாலு மணிக்கு வரணும்னு தோணிச்சுன்னா கீழ இருக்கற அட்ரஸ டாக்ஸிக்காரர்கிட்ட காட்டுங்க. தோணலேன்னா பரவால்ல, சரியா 5.10க்கு நானும் அம்மாவும் அங்க வந்து நிப்போம், அப்பதான் வந்தீங்கன்னு நெனச்சுக்கறேன். எதுவும் கேக்க மாட்டேன். இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் கவனித்தேன், முதல் இரண்டு முறையும் என் வலது கை சும்மா இருந்தது. திருத்தல என்ற இடத்தில் கண் நின்றது. என் பிழையைப் பார்த்தும் ஒன்பது நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் ஒளிந்துகொள்ள அதை அப்படியே விட்டுவைத்து, வாசலையும் திறந்துவைத்து, கல்யாணப் புடவையோடு ஐந்து பத்துக்கு இங்கே வந்து நின்று ஏமாறத் தயாராக, தெரிந்தே. நான் பதினேழையும் அன்றே திருத்தி அன்றே தபாலில் போட்டேன். தூணில் சாய்ந்தேன். ஆட்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள், யாரும் யாரையும் இடிக்கவில்லை, அவ்வளவு பெரிய இடத்தில் எனக்கு இடமே இல்லாததுபோல் இருந்தது. பையைக் காலடியில் வைத்துத் திறந்தேன், எதற்கென்று தெரியவில்லை, பட்டு வேட்டியின் மடிப்பில் மஞ்சள் முடிச்சு தட்டுப்பட்டது. அதை என்ன பண்ணுவீர்கள் என்று அந்தோணியம்மா கேட்டாள். மஞ்சளும் அரிசியும் கலந்தால் என்ன ஆகும் என்று எனக்கு ஏன் நேற்றுத் தோன்றவில்லை. முடிச்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் நிக்கிறீங்களே, மவ வரலையா?" சபூரா பீவி தள்ளுவண்டியோடு பக்கத்தில் வந்து நின்றார், மேலே இரண்டு அட்டைப் பெட்டிகள், கயிறு கட்டியவை. மகள் வரவில்லை, நான்தான் போக வேண்டும் என்றேன். "அப்ப நிக்கிறது எதுக்கு, போங்க, போயி நல்லா வாழ்த்துங்க" என்றார், தள்ளிக்கொண்டு போய்விட்டார். என் கைக்கடிகாரம் இன்னும் பெரம்பூரில் இருந்தது, பன்னிரண்டு நாற்பத்தொன்று, குக்கர் வைக்கும் நேரம். திருகைப் பிடித்து வெளியே இழுத்தேன். வாங்கிய நாளிலிருந்து அதை ஒரு நிமிடம்கூட மாற்றி வைத்ததில்லை, கொஞ்சம் பலமாகத்தான் இழுக்க வேண்டியிருந்தது. முள் ஒன்றைத் தாண்டியது, இரண்டைத் தாண்டியது, நான் வாழாத இரண்டரை மணி நேரம் விரலுக்கடியில் சிறு சிறு பற்களாக உரசிக்கொண்டு போயிற்று, மூன்று பதினொன்றில் நிறுத்தித் திருகை உள்ளே அழுத்தினேன். டாக்ஸி வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். மதியின் செய்தியைத் திறந்து, முகவரி தெரியும்படி, கைப்பேசியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.